சனிக்கிழமை காலை ஹேங்கர் கதவுகள்

அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் ஏறக்குறைய 5,000 இருக்கின்றன. டிக்கெட் வாங்கி ஏறும் விமானங்கள் வந்துபோவது அவற்றில் சில நூறு நிலையங்களுக்குத்தான். மற்றவை பெரும்பாலும் சோளக்காட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒற்றை ஓடுபாதையோடு கிடக்கும் சின்ன நிலையங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்காது. வார நாளில் போனால் ஆளரவமே இருக்காது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனால் நிலைமை வேறு. தகர ஹேங்கர்களின் அகலமான கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஒருவர் காபி போடுகிறார். ஒருவர் இறக்கைக்கு அடியில் குனிந்து, தொட்டியின் அடியிலிருந்து பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். சிறு விமானப் பெட்ரோல் நீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் அது கனத்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியை, பல் மருத்துவர், கணினிப் பொறியாளர், கல்லூரி மாணவி என்று கலவையான கூட்டம். ஊர் விமானிகள் கிளப் கூடியிருக்கிறது.

இப்படிப்பட்ட கிளப் என்றால் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பலர் கிளப்பில் சேர்வதே தனியாகச் செலவைத் தாங்க முடியாததால்தான். சொந்த விமானம் பறக்காத நாளிலும் காசு தின்னும்: ஹேங்கர் வாடகை, காப்பீடு, ஆண்டுக்கொரு முறை கட்டாயச் சோதனை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய செஸ்னா 172 வாங்கினால் இந்தச் சுமை பங்கிடப்படுகிறது. 1956-ல் விற்பனைக்கு வந்து, 44,000-க்கும் மேல் தயாரான நான்கு இருக்கை விமானம் அது. உலகில் இவ்வளவு எண்ணிக்கையில் வேறெந்த விமானமும் செய்யப்பட்டதில்லை. உதிரிபாகம் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

சேருவதற்கு முன் கிளப்பின் கணக்கைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. இந்த வகை விமானங்களில் இருக்கும் லைகமிங் என்ஜின்கள் பலவற்றை, 2,000 மணி நேரம் ஓடியதும் முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறார் தயாரிப்பாளர். பெரிய செலவு. பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகையை இதற்கென்று தனியாக எடுத்துவைக்கும் கிளப் அந்த நாளைச் சமாளித்துவிடும். எடுத்துவைக்காத கிளப்பில் மணிக்கட்டணம் மலிவாகத் தெரியும். என்ஜினைத் திறக்கும் மாதத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரின் தலையிலும் அது மொத்தமாக விழும். ஒரு விமானத்துக்கு எத்தனை உறுப்பினர்கள், வார இறுதியில் முன்பதிவு கிடைக்குமா என்றும் கேட்கலாம்.

கணக்கைவிட முக்கியமாக நான் பார்ப்பது குறை எழுதும் ஏட்டை. டயர் ஒருபக்கம் தேய்கிறது, ரேடியோ கரகரக்கிறது, வலது பிரேக் மென்மையாக இருக்கிறது என்று பறந்து வந்தவர்கள் எழுதிவைக்கும் ஏடு அது. பழைய விமானத்தில் குறை இல்லாமல் இருக்காது. ஏடு பல மாதம் வெறுமையாகக் கிடந்தால், எழுதுகிறவர் மேல் அங்கே யாரோ எரிந்து விழுகிறார்கள் என்று பொருள். ஒரு குறையை முதலில் சொன்னவருக்கு நன்றி சொல்லும் வழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் மற்றவை தானாக வரும்: இறங்கியதும் முன்கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளைத் துடைத்துவிட்டுப் போவது, பெட்ரோல் நிரப்பி வைப்பது, விமானத்தைக் கயிற்றால் இறுகக் கட்டுவது. அடுத்து வருகிறவர் யாரென்று தெரிந்திருப்பதால் செய்யும் வேலைகள் இவை.

காபி குடித்துக்கொண்டே மணிக்கணக்கில் நடக்கும் ஹேங்கர் பேச்சு, வெளியாளுக்கு வெட்டிப் பேச்சாகத் தோன்றலாம். அது எதற்கு வேண்டும் என்பதற்கு ஒரு துயரமான சான்று இருக்கிறது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514 விமானம், வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். இறங்கும் அனுமதியில் வந்த சொற்களை விமானிகள் ஒருவிதமாகவும் கட்டுப்பாட்டாளர் வேறுவிதமாகவும் புரிந்துகொண்டதால், விமானம் வேண்டியதற்கு முன்னதாகவே தாழ்ந்துவிட்டது. இதற்குச் சில வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

அந்த விபத்துக்குப் பிறகு, 1976-ல், விமானிகள் தங்கள் தவறுகளையும் தப்பிப்புகளையும் அச்சமின்றி எழுதி அனுப்ப நாசா ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. எழுதியவரின் பெயர் நீக்கப்படும். தெரியாமல் செய்த விதிமீறலைப் பத்து நாட்களுக்குள் எழுதி அனுப்பியவருக்குப் பொதுவாக அபராதத்திலிருந்து விலக்கும் கிடைக்கும். ஒரு நாடு முழுவதற்கும் நாசா செய்வதை ஊர் கிளப் ஒரு மேஜையைச் சுற்றிச் செய்கிறது. “நேற்று மாலை மேற்கே இறங்கும்போது வெயில் கண்ணில் அடித்து ஓடுபாதையே தெரியவில்லை” என்று ஒருவர் சொல்லிவிட்டால், இன்னும் நாலைந்து பேர் இன்று மாலை அந்த நேரத்தைத் தவிர்ப்பார்கள். ஆகவே புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, பேச்சு நடக்கும்போது எழுந்து போய்விடாதீர்கள். அதைவிடக் கடினமானது, உங்கள் முறை வரும்போது நடந்ததைக் குறைக்காமல் சொல்வது.

போட்டியாளர்களுக்குள்ளும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. 1929-ல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்தார். பம்பாய் ஃப்ளையிங் கிளப்பில் பயின்ற ஜே.ஆர்.டி. டாட்டா 1930-ல் கராச்சியிலிருந்து மேற்கே புறப்பட்டார். பதினேழு வயது ஆஸ்பி இன்ஜினியர் இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தார். எகிப்தின் அபுகிர் தளத்தில் இருவரும் சந்தித்தபோது, ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றுபோயிருந்தார். ஜே.ஆர்.டி. தன் கைவசமிருந்ததைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போனது. ஆஸ்பி இன்ஜினியர் பின்னாளில் இந்திய விமானப்படையின் தளபதியானார்.

சரி, பறப்பதற்கு வருவோம். உரிமம் கையில் வந்த சில மாதங்களில், ஒரே ஊரை மேலிருந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சலித்து, பலர் மெல்ல விலகிவிடுகிறார்கள். கிளப்கள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து காலை உணவு. நூறு மைல் தள்ளியிருக்கும் இன்னொரு ஊர் கிளப் ஹேங்கரில் அடுப்பு மூட்டி பான்கேக் சுடும். சுற்றுவட்டார விமானங்களெல்லாம் அங்கே இறங்கும். உணவு ஒரு சாக்குதான். போகிற வழியில் வானிலை படிக்க வேண்டும், பழக்கமில்லாத ஓடுபாதையில் இறங்க வேண்டும், கோபுரம் இல்லாத நிலையத்தைச் சுற்றிவரும் ஏழெட்டு விமானங்களோடு ரேடியோவில் இடம் சொல்லி வரிசையில் சேர வேண்டும். பக்கத்து ஊர்கள் பல ஒரே அலைவரிசையைப் பங்கிடுவதால், ஒவ்வொரு அறிவிப்பையும் ஊர்ப் பெயரில் தொடங்கி ஊர்ப் பெயரிலேயே முடிக்க வேண்டும். புதியவர்கள் விழுங்கிவிடுவது அந்தக் கடைசி ஊர்ப் பெயரைத்தான்.

ஓடுபாதையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதன்மேல் சக்கரம் பதிய இறங்கும் போட்டியும் உண்டு. விளையாட்டாகத் தெரிகிற இது, என்ஜின் நின்றுபோனால் கண்ணில் படும் வயலில் சரியாக இறங்குவதற்கான பயிற்சி. இன்னொரு பயனும் இருக்கிறது. பயணிகளை ஏற்றிச் செல்ல வேண்டுமானால் முந்தைய 90 நாட்களுக்குள் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. போட்டி வைக்கும் கிளப்பில் அந்தக் கணக்கு யாருக்கும் தவறுவதில்லை.

இந்தக் கிளப்களில் பெரும் வலைப்பின்னல் ஈ.ஏ.ஏ. என்று அழைக்கப்படும் அமைப்பினுடையது. சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்காக 1953 ஜனவரியில் பால் போபெரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கியது. பல ஆண்டுகள் அதன் அலுவலகம் அவர் வீட்டு நிலவறைதான். இன்று 900-க்கும் மேற்பட்ட கிளைகள். விமானம் கட்டுவது தனிமையில் செய்யும் வேலை என்று நினைப்போம். அலுமினியத் தகட்டில் ஆணி அறையும்போதே அந்த எண்ணம் போய்விடும்: ஒரு பக்கம் துப்பாக்கி போன்ற கருவியைப் பிடிக்க ஒருவர், மறுபக்கம் இரும்புக் கட்டையைத் தாங்கிப்பிடிக்க இன்னொருவர். இறக்கையை மூடுவதற்கு முன் ஏற்கெனவே கட்டி முடித்தவர் ஒருவரை அழைத்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். மூடிய பிறகு பார்க்க வழியில்லை.

1992-ல் ஈ.ஏ.ஏ. தொடங்கிய ‘யங் ஈகிள்ஸ்’ திட்டம்தான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. எட்டு வயது முதல் பதினேழு வயதுவரையுள்ள பிள்ளைகளை, உள்ளூர் விமானிகள் தங்கள் விமானத்தில், தங்கள் பெட்ரோல் செலவில், இலவசமாக ஒருமுறை பறக்கவைக்கிறார்கள். ரைட் சகோதரர்கள் பறந்த நூற்றாண்டான 2003-க்குள் பத்து லட்சம் பிள்ளைகள் என்று இலக்கு வைத்து அதை எட்டினார்கள். 2016-ல் இருபது லட்சம் ஆனது. ஒலியின் வேகத்தை முதலில் கடந்த சக் யேகரும் நடிகர் ஹாரிசன் ஃபோர்டும் இதற்குத் தலைவர்களாக இருந்தவர்கள்.

பிள்ளைகளைப் பறக்கவைக்கும் நாளை நடத்துவது பறப்பதைவிடக் கடினம். என்ஜின் ஓடும்போது சுழலும் விசிறி கண்ணுக்கே தெரியாது. அதனால் பிள்ளைகளை விமானத்துக்கு அழைத்துப்போய்த் திரும்ப அழைத்துவர ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர் வேண்டும். ஆட்களை ஏற்றி இறக்கும்போது என்ஜின் நின்றிருக்க வேண்டும். அவசரத்தில் ஓடவிட்டபடி ஏற்றுவதை எந்தக் கிளப்பும் அனுமதிக்கக் கூடாது. காலையிலேயே முடித்துவிடுவது மேல். நண்பகலுக்குப் பின் சூடேறிய தரையிலிருந்து காற்று எழும்பி விமானத்தைக் குலுக்கும், முதல் பறப்பிலேயே பிள்ளைக்கு வயிறு புரட்டும். பதினைந்து இருபது நிமிடம் போதும். செங்குத்தாகச் சாய்த்துத் திரும்பி வீரம் காட்ட வேண்டாம். புறப்படுமுன் விமானத்தைச் சுற்றிவந்து சோதிக்கும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போய், பெட்ரோல் குப்பியை அவர்கள் கையிலேயே கொடுத்தால், மேலே போனதும் பயம் பாதியாகிவிடும்.

பெண் விமானிகளின் ‘நைன்டி-நைன்ஸ்’ அமைப்பு இன்னும் பழையது. 1929 நவம்பர் 2 அன்று நியூயார்க் அருகே கர்டிஸ் களத்தில் 26 பெண்கள் கூடித் தொடங்கினார்கள். முதல் அழைப்பை ஏற்றுச் சேர்ந்தவர்கள் 99 பேர் என்பதால் அந்தப் பெயர். முதல் தலைவி அமீலியா இயர்ஹார்ட். 1930-களில் வழிதவறும் விமானிகளுக்காகக் கூரைகளில் ஊர்ப் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதும் அரசுத் திட்டத்தில் இந்த அமைப்பின் பிளான்ச் நாய்ஸ் போன்றோர் நாடு முழுக்கப் பறந்து உழைத்தார்கள். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின், எதிரிக்கு வழிகாட்டிவிடக் கூடாதென்று, கடலோரக் கூரைகளில் எழுதியதையெல்லாம் அவர்களே அழிக்க வேண்டிவந்தது. இன்றும் ஊர்க் கிளைப் பெண்கள் வார இறுதியில் உருளைத் தூரிகையோடு வந்து, விமான நிலையத் தரையில் பெரிய திசைகாட்டி வட்டம் வரைகிறார்கள். அதன்மேல் விமானத்தை நிறுத்தி, உள்ளிருக்கும் காந்த ஊசி எத்தனை பாகை பிசகுகிறதென்று சரிபார்க்கலாம். காந்த வடதிசை மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பவும் வரைய வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை, ஜூலைக் கடைசியில், இந்தச் சிறு கிளப்களெல்லாம் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்கோஷில் திருவிழாவாகக் கூடுகின்றன. அந்த வாரம் அங்குள்ள கட்டுப்பாட்டுக் கோபுரம் உலகிலேயே அதிக வேலையுள்ள கோபுரம். ரிப்பன் என்ற ஊரிலிருந்து ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, மணிக்கு 90 கடல் மைல் (90 நாட்) வேகத்தில் வர வேண்டும். ஃபிஸ்க் என்ற சிற்றூரில் தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் விமானத்தை நிறத்தையும் வகையையும் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதில் பேசக் கூடாது, இறக்கையை ஆட்டிக் காட்ட வேண்டும். ஓடுபாதையில் வரைந்த வண்ணப் புள்ளிகளில் சொன்ன புள்ளியின்மேல் இறங்க வேண்டும். போக நினைப்பவர்கள் வெளியிடப்படும் நடைமுறைக் குறிப்பை வரிவரியாகப் படித்து, உள்ளூரில் 90 நாட் வேகத்தில் நிதானமாகப் பறந்து பழகிவிட்டு, ஏற்கெனவே போய்வந்த உறுப்பினர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போக வேண்டும்.

வயதாகி மருத்துவச் சான்று கிடைக்காமல் போனவர்களை நல்ல கிளப் கைவிடுவதில்லை. யங் ஈகிள்ஸ் நாளில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தரையை ஆள்வது பெரும்பாலும் அவர்கள்தான். உரிமம் உள்ள யாராவது ஒருவர் வலப்பக்க இருக்கையில் அவர்களை ஏற்றிக்கொண்டு பறக்கிறார்.

இந்த வாழ்க்கையை அருகிலிருந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு உரிமம் தேவையில்லை. மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் திறந்தவை. கூட்டம் முடிந்ததும் நாற்காலி மடக்க நின்றால், பழக்கமாகும். யாராவது “சும்மா ஒரு சுற்று வருகிறீர்களா?” என்று கேட்பார்கள். போய்வந்தால் உங்கள் பங்கைக் கொடுக்க முன்வாருங்கள். பெட்ரோல், எண்ணெய், விமான வாடகை, விமான நிலையக் கட்டணம் ஆகியவற்றை மட்டும் பயணிகளோடு சமமாகப் பங்கிட தனிநபர் உரிமக்காரரை விதி அனுமதிக்கிறது. இருவர் போனால் உங்களுடையது பாதி. அதற்குமேல் ஒரு டாலரும் அவர் வாங்கக் கூடாது.