சிற்றுயிர்கள் காட்டிய அரசியல்

நுழையும்முன்

ஆள்வோரிடம் நேரே கூற இயலாதவற்றை விலங்குகளின் வாயிலாகக் கூறுதல் பழைமையான கதைமரபு. திரைப்படம் பேசத் தொடங்காத காலத்தில், அம்மரபைப் பொம்மைகளின் அசைவுக்குள் கொண்டுவந்தார் ஒரு கலைஞர்.

உயிர்பெற்ற வண்டுகள்

விளாதிஸ்லாவ் ஸ்தாரெவிச் 1882இல் மாஸ்கோவில் போலந்துப் பெற்றோர்க்குப் பிறந்தவர். இன்றைய லித்துவேனியாவின் கௌனாஸ் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவர், கொம்பு வண்டுகளின் சண்டையைப் படமாக்க விரும்பினார். இரவில் போரிடும் அவ்வண்டுகளோ விளக்கொளி பட்டதும் அசையாது நின்றன. எனவே, இறந்த வண்டுகளின் கால்களைக் கம்பியாலும் மெழுகாலும் பொருத்தினார். சற்றே அசைத்து ஒரு படம், மீண்டும் அசைத்து மற்றொரு படம் எனப் பதிவுசெய்தார். அவை தொடர்ந்து ஓடியபோது திரையில் வண்டுகள் போரிட்டன. ஸ்டாப் மோஷன் எனப்படும் இம்முறையில், நொடிக்கு 16 படங்கள் எனக் கொண்டால், ஒரு நிமிடக் காட்சிக்கு 960 படங்கள் தேவைப்படும்.

போரும் மலரும்

1914இல், நடுநிலை நாடான பெல்ஜியத்திற்குள் ஜெர்மானியப் படை புகுந்தது. மறு ஆண்டில் ஸ்தாரெவிச் உருவாக்கிய 'பெல்ஜியத்தின் லில்லி', அந்நாட்டை மலராகவும் படையெடுத்தோரை வண்டுகளாகவும் உருவகித்தது. அப்போது ரஷ்யாவும் ஜெர்மனியோடு போரிட்டுக்கொண்டிருந்தது. ஆதலால் அப்படம் எளியோர்பால் கொண்ட இரக்கத்தோடு போர்க்காலப் பரப்புரையாகவும் விளங்கியது.

அரசன் கேட்ட தவளைகள்

ரஷ்யப் புரட்சிக்குப்பின் பிரான்சில் குடியேறிய ஸ்தாரெவிச், 1922இல் ஈசாப் கதையொன்றைப் படமாக்கினார். தம்மை ஆள அரசன் வேண்டுமெனத் தவளைகள் கடவுளிடம் முறையிடுகின்றன. கடவுள் ஒரு மரக்கட்டையை அனுப்புகிறார். அசையாத அரசனை இகழ்ந்து, ஆற்றல்மிக்க வேறோர் அரசனை அவை கேட்கின்றன. அடுத்து வந்த நாரை, குடிகளையே இரையாக்குகிறது.

இக்கதை நாரையின் கொடுமையை மட்டும் கூறவில்லை. தம்மைத் தாமே ஆளும் பொறுப்பைத் துறந்த தவளைகளையும் வினவுகிறது. வலிமையை மட்டும் நோக்கித் தலைமையைத் தேர்ந்தால், அவ்வலிமை யார்மீது பாயும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். பொம்மைத் தவளைகளைக் கலைஞரின் கை அசைத்தது. அவற்றிற்கெனச் சொந்த விருப்பம் இல்லை. கதையின் தவளைகளோ விருப்பம் உடையவை. அதனைத் தாமே பிறரிடம் ஒப்படைத்தன. வாக்குரிமையை எய்தவிருக்கும் இளையோர் உணரவேண்டிய வேறுபாடு இதுவே.

கற்பவை கற்றபின்

மரக்கட்டை, நாரை ஆகிய இருவகை ஆட்சியையும் ஒப்பிட்டு, தவளைகள் கேட்டிருக்க வேண்டியது யாது என வகுப்பறையில் கலந்துரையாடுக.