வாய்க்காலை அடைக்கும் களைகள்

வயலில் முளைக்கும் களை ஒருவருடைய விளைவைக் குறைக்கும். வாய்க்காலில் முளைக்கும் களையோ ஓர் ஊரின் விளைவையே குறைக்கும். பாசன வாய்க்கால் அடைபட்டால் கடைமடைக்கு நீர் எட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் அடைபட்டால் சம்பாப் பயிர் மூழ்கி அழுகும். காவிரிப் பாசனப் பகுதியில் இவ்விரு கேடுகளையும் விளைவிக்கும் இரண்டு களைகளைப் பற்றி ஈண்டு ஆராய்வோம்.

வெங்காயத்தாமரை: இதனை ஆகாயத்தாமரை என்றும் கூறுவர். தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதி இதன் தாயகம். ஊதா மலரின் அழகுக்காக வளர்க்கப்பட்ட இச்செடி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் நுழைந்து இந்தியா எங்கும் பரவிற்று. ஏற்ற நீர்நிலையில் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் இரு மடங்காகப் பெருகும். சேற்றில் விழுந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

நெய்வேலிக் காட்டாமணக்கு: இதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடியே. வேலிக்கென நட்டவர் பலர். இது கால்நடைகளுக்கு நஞ்சாகும். வெட்டிய தண்டு ஈர மண்ணில் வேர் விட்டுத் தழைக்கும். ஆதலால் இதனை வெட்டிக் கரையில் எறிதல் மீண்டும் நடுதற்கு ஒப்பாகும்.

ஏற்ற காலம்: மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பது வழக்கம், நீர் இருப்பைப் பொறுத்து இது மாறுவதுண்டு. இக்கோடையில் வாய்க்கால் வறண்டு தாமரை கருகும். அதனைக் கண்டு களை ஒழிந்தது என எண்ணலாகாது. ஊர்க்குளத்திலும் குட்டையிலும் தங்கிய சில செடிகளும், சேற்றில் கிடக்கும் விதைகளும் புதுநீர் வந்ததும் மீண்டும் பெருகும். எனவே கோடையிலேயே குளம் குட்டைகளையும் துப்புரவு செய்தல் வேண்டும்.

செய்முறை:
1. தலைமடையில் தொடங்கிக் கடைமடை வரை அகற்றுக. மேலே விட்ட செடி கீழே மிதந்து வரும்.
2. தாமரையைப் பூக்கும் முன்னரே வாரிக் கரைக்கு அப்பால் குவித்து உலர்த்துக. பின் சாணத்துடன் குழியில் இட்டால் நல்ல எருவாகும்.
3. காட்டாமணக்கை வேரோடு தோண்டி, மேட்டில் நன்றாகக் காயவைத்து எரிக்க.
4. குளிக்கவும் கால்நடை குடிக்கவும் பயன்படும் நீரில் களைக்கொல்லி தெளிக்க வேண்டா.

தாமரையின் உலர்ந்த தண்டால் கூடையும் பையும் முடையலாம். அசாமில் இத்தொழில் நடைபெறுகிறது. ஆயினும் தண்டுக்காக இச்செடியை வளர்த்தல் தகாது.

அவரவர் நிலத்துக் களையை அவரவரே நீக்குவர். பொதுவாய்க்காலை யார் நீக்குவது? நம் முன்னோர் குடிமராமத்து முறையால் இதற்கு விடை கண்டனர். 2017ஆம் ஆண்டில் அரசும் அப்பெயரால் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. அரசுதவி வரும் ஆண்டும் உண்டு, வாரா ஆண்டும் உண்டு. களை பெருகாத ஆண்டு இல்லை. ஆகவே ஒவ்வொரு சங்கமும் சித்திரை மாதத்திலேயே கூடி, தலைமடையாரும் கடைமடையாரும் ஒருங்கே உழைக்கும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். ஓர் ஊரார் சோம்பினால் அவர்க்குக் கீழுள்ள ஊர்களின் உழைப்பும் வீணாகும்.