உடலுக்கு ஏற்ற உடை: ஒரு கடை வளர்ந்த வரலாறு

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் வரவேற்புரை கூறும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, விடுதித் தோழி ஒருத்தியுடன் கரோல் பாகிலுள்ள ஓர் ஆயத்த ஆடைக் கடைக்குச் சென்றேன். ஐந்து குர்த்தாக்களைப் போட்டுப் பார்த்தேன். தோளுக்குப் பொருந்தியவை கையை இறுக்கின. கைக்குத் தளர்வாக இருந்தவை தோளைவிட்டு இறங்கின. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, “உங்கள் உடம்புக்கு இங்கே எதுவும் இல்லை, பஹன்ஜி” என்றார். அங்கிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். நான் தலைகுனிந்து வெளியே வந்தேன். அம்மா கொடுத்தனுப்பியிருந்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் விழாவில் பேசினேன்.

குற்றம் என் உடம்பினுடையது என்றே அன்று எண்ணினேன். பின்னர் வணிகவியல் பாடத்திற்காக ஒரு பெண்கள் ஆடைக் கடையின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அந்த எண்ணம் மாறிற்று. நான் கற்றதை நண்பர்களாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தைத்துக்கொள்வதும் வாங்குவதும்

நம் வீடுகளில் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது, நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றையும் ‘அளவு ரவிக்கை’ என்று சேர்த்துக் கொடுப்போம். தையற்காரர் அதைப் பார்த்து வெட்டுவார். துணி உடலைத் தேடி வந்தது. சேலைக்கோ அளவே வேண்டியதில்லை. மெலிந்தவளும் பருத்தவளும் கருவுற்றவளும் ஒரே சேலையைக் கட்டலாம்.

ஆயத்த ஆடையின் நிலை வேறு. அதைத் தைப்பவர் அணிபவரைக் கண்டதே இல்லை. ஒரு கற்பனை உடலை மனத்தில் வைத்து ஆயிரக்கணக்கில் வெட்டுகிறார்கள். அக்கற்பனை உடல் யாருடையது? அதை முடிவு செய்தவர் யார்? பெண்கள் ஆடை வணிகத்தின் அடிப்படைக் கேள்வி இதுவே. இக்கேள்விக்குத் தொடக்கக் காலத்திலேயே விடை தேடியவர் லீனா பிரையன்ட் என்னும் அம்மையார்.

அடகு வைத்த காதணி

லீனா லிதுவேனியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்; சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1895-இல், தம் 16ஆம் வயதில், நியூயார்க் நகருக்குக் குடியேறினார். தையற்கூடத்தில் வாரத்திற்கு 1 டாலர் கூலிக்கு உள்ளாடைகள் தைத்தார். நகை வணிகரான டேவிட் பிரையன்ட்டை மணந்தார். மகன் பிறந்த சில மாதங்களிலேயே கணவர் காச நோயால் இறந்தார். கைக்குழந்தையுடன் நின்ற இளம் விதவை, கணவர் பரிசளித்த வைரக் காதணிகளை அடகு வைத்து ஒரு தையல் இயந்திரத்திற்கு முன்பணம் கட்டினார்.

1904-இல் ஐந்தாம் அவென்யூவில் சிறு கடை திறந்தார். முன்பகுதி கடை, பின்பகுதி வீடு. வங்கித் தாளில் ‘லீனா’ என்னும் பெயர் ‘லேன்’ எனப் பிழையாகப் பதிவாயிற்று என்றும், அதைத் திருத்தக் கூசி அவர் அப்படியே விட்டுவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. ‘லேன் பிரையன்ட்’ என்பதே கடையின் பெயராக நிலைத்துவிட்டது.

பேசக்கூடாத பொருள்

ஒரு நாள் கருவுற்ற பெண்ணொருத்தி கடைக்கு வந்தாள். வெளியில் அணிந்து செல்லத் தக்கதாகவும், உடலை இறுக்காததாகவும் ஓர் உடை வேண்டும் என்று கேட்டாள். அக்காலத்து அமெரிக்காவில் கௌரவமான குடும்பத்துப் பெண் கருவுற்றால் வெளியில் தலைகாட்டாமல் வீட்டுக்குள் இருப்பதே வழக்கம். லீனா அம்மையார் இடுப்பில் நெகிழ்பட்டி வைத்து, பாவாடையில் மடிப்புகள் வைத்து ஓர் உடை தைத்துக் கொடுத்தார். வயிறு வளர வளர உடையும் விரிந்து கொடுத்தது.

கேட்டவர்கள் பெருகினர். ஆனால் விளம்பரம் செய்ய வழியில்லை. கருவுறுதலைப் பற்றிப் பொதுவில் பேசுவதே தகாது என்று செய்தித்தாள்கள் மறுத்துவிட்டன. 1911-இல்தான் ‘நியூயார்க் ஹெரால்டு’ அவ்விளம்பரத்தை வெளியிட்டது. மறுநாளே கடையிலிருந்த சரக்கு முழுவதும் விற்றுவிட்டது. கடைக்கு வர நாணியவர்களுக்காக அஞ்சல்வழி விற்பனை தொடங்கிற்று. 1917-இல் அந்த விற்பனை மட்டும் 10 இலட்சம் டாலரைக் கடந்தது. தேவை முன்பே இருந்தது. அதைக் கேட்கும் காதுதான் இல்லை என்பது இதனால் விளங்குகிறது அன்றோ?

அளந்து பார்த்த வணிகம்

1909-இல் லீனா, ஆல்பர்ட் மால்சின் என்னும் பொறியாளரை மறுமணம் செய்துகொண்டார். கணக்கிலும் நிருவாகத்திலும் மால்சின் வல்லவர். பருத்த உடல் கொண்ட பெண்களுக்கு ஆயத்த ஆடை கிடைப்பதில்லை என்பதை இருவரும் கண்டனர். மற்ற கடைகள் சிறிய உடையின் எல்லாப் பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கி, அதுவே பெரிய அளவு என்று விற்றன. உடல் அப்படி வளர்வதில்லை.

மால்சின், உடலின் வளைவுக்கு ஏற்ப வளையும் அளவுகோல் ஒன்றை அமைத்தார். வாடிக்கையாளர் 4,500 பேரின் உடல் அளவுகள் எடுக்கப்பட்டன. காப்பீட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 2,00,000 பெண்களின் அளவுகளும் பெறப்பட்டன. பருத்த உடல் என்பது ஒரே வகையன்று, மூன்று வகை என்று தெரியவந்தது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே உடை வெட்டினர். 1923-இல் மொத்த விற்பனை 50 இலட்சம் டாலரை எட்டிற்று. தாய்மை உடைகளைவிடப் பெரிய அளவு உடைகளே அதில் மிகுதி.

ஊழியர்க்கு இலாபப் பங்கும், ஓய்வூதியமும், குழுக் காப்பீடும் அந்நிறுவனம் வழங்கியது. பேரிடரில் உடைகளை இழந்த வாடிக்கையாளருக்குப் புது உடை கொடுத்து உதவியது. 1951-இல் லீனா மறைந்தார். 1982-இல் நிறுவனம் குடும்பத்தின் கையைவிட்டுச் சென்றது. அதன் பின் பலர் கைமாறிற்று. பெயர் மட்டும் நிலைத்தது.

குறையும் உண்டு

புகழ்ச்சியோடு நிறுத்திவிடுவது ஆராய்ச்சி ஆகாது. இவ்வுடையை அணிந்தால் மெலிந்து தோன்றுவீர்கள் என்றே அக்கடையின் அந்நாளைய விளம்பரங்கள் பேசின. உடலை அளந்தவர்கள், அவ்வுடலைப் பற்றிய நாணத்தையும் சேர்த்து விற்றார்கள். இது வணிகத்தின் இரட்டை நாக்கு. எனினும், மறைந்து வாழுமாறு சொல்லப்பட்ட பெண்ணைத் தெருவில் நடக்க வைத்த உடை அது என்பதையும் மறுக்க இயலாது.

நம் நாட்டின் நிலை

இந்தியச் சந்தையில் ஆயத்த ஆடை அளவுகள் நெடுங்காலமாக மேலைநாட்டு அளவுகளைத் தழுவியே வந்துள்ளன. இக்குறையைத் தீர்க்க, ‘நிஃப்ட்’ எனப்படும் தேசிய ஆடைத் தொழில்நுட்ப நிறுவனம் ‘இந்தியா சைஸ்’ என்னும் திட்டத்தை வகுத்தது. கொல்கத்தா, மும்பை, புது தில்லி, ஐதராபாத், பெங்களூரு, ஷில்லாங் ஆகிய 6 நகரங்களில், 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாணக் கருவிகளால் அளப்பது அதன் நோக்கம். மால்சின் வளையும் கோலால் ஒரு நூற்றாண்டுக்கு முன் செய்ததை, நாம் ஒளிக்கருவியால் செய்ய முற்பட்டிருக்கிறோம்.

அளவுகள் கிடைத்தால் மட்டும் போதாது. அவற்றை மதித்து வெட்டும் கடைகள் வேண்டும். நம்மில் பலர் நாளை வணிகத்திலும் நெசவுத் தொழிலிலும் புகப் போகிறவர்கள். ‘உன் உடம்புக்கு இங்கே உடை இல்லை’ என்று ஒரு பெண்ணிடம் சொல்லும் கடை, தன் அறியாமையையே அறிவிக்கிறது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

மீண்டும் அத்தகைய சொல்லைக் கேட்க நேர்ந்தால் நான் தலைகுனிய மாட்டேன். “நீங்கள் யாரை அளந்து இதைத் தைத்தீர்கள்?” என்று கேட்பேன். தோழியரே, நீங்களும் கேளுங்கள்.