ஃபீனிக்ஸ் பே முதல் அம்பத்தூர் வரை: உலோக அழுத்த எந்திரத் தொழிலாளரின் இன்றும் நாளையும்

நம் வீட்டுச் சமையலறையிலுள்ள எவர்சில்வர் தட்டு, கதவின் கீல், மின்விசிறியின் இறகு, பேருந்தின் பக்கத் தகடு ஆகியவை தோற்றத்தால் வேறுபட்டவை, பிறப்பால் ஒன்றுபட்டவை. இவையெல்லாம் ஏதோ ஒரு பட்டறையில், அழுத்த எந்திரத்தின் அடியில் உருப்பெற்றவை. அந்த எந்திரத்தின் முன் நின்று தகட்டை வைத்து, மிதியை அழுத்தி, உருவான பொருளை எடுத்து வைப்பவரைப் பட்டறை வழக்கில் பிரஸ் ஆபரேட்டர் என்பர். இவரது தொழில் எத்தகையது, அதில் ஆபத்து எங்கே உள்ளது, இன்று இத்தொழிலை மேற்கொள்ளும் இளைஞர் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் இதனால் வாழ முடியுமா என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். இதற்குத் தொழில் நகரமொன்றை விட்டுவிட்டு, அந்தமான் தலைநகரின் ஒரு துறைமுகப் பகுதியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வேலைவாய்ப்புகள் குறைவாக உள்ள இடத்தில்தான் ஒரு தொழிலின் உண்மையான வலிமையும் வலுவின்மையும் தெளிவாகத் தெரிகின்றன.

பட்டறைகளின் விரிகுடா

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரின் ஒரு பகுதி ஃபீனிக்ஸ் பே. 1858ஆம் ஆண்டு இங்கே தொடங்கப்பட்ட தண்டனைக் குடியேற்றத்தின் பட்டறைகள் இவ்விரிகுடாவின் கரையில்தான் அமைந்தன. கைதிகளே அங்கு கொல்லராகவும் தச்சராகவும் உழைத்தனர். அருகிலுள்ள சாத்தம் தீவில் 1883இல் மர அறுவை ஆலை தோன்றியது. இன்று ஃபீனிக்ஸ் பேயில் தீவுகளுக்கிடையே செல்லும் கப்பல்களின் துறையும், அக்கப்பல்களைப் பழுது பார்க்கும் அரசுக் கப்பல் களமும் உள்ளன.

கப்பல் களத்தின் தகட்டு வேலைக்கும் அம்பத்தூர்ப் பட்டறையின் அழுத்த எந்திர வேலைக்கும் அடிப்படை ஒன்றே. இரண்டிலும் உலோகம் வெட்டப்படுகிறது, துளையிடப்படுகிறது, வளைக்கப்படுகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அம்பத்தூரில் ஒரே உறுப்பு பல்லாயிரக் கணக்கில் செய்யப்படுகிறது. கப்பல் களத்தில் ஒவ்வொரு தகடும் தனி வேலை. உப்புக் காற்றாலும் கடல் நீராலும் அரிக்கப்பட்ட பகுதியை வெட்டி நீக்கி, அதே வளைவுடைய புதுத் தகட்டை உருவாக்கிப் பொருத்த வேண்டும். முன்னதில் வேகமும், பின்னதில் கணிப்பும் முதன்மை பெறுகின்றன. இவ்வேறுபாடே இத்தொழிலின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

எந்திரமும் அதன் கணக்கும்

அழுத்த எந்திரங்கள் பெரும்பாலும் இருவகைப்படும். முதல் வகையில் மின்மோட்டார் ஒரு கனத்த சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிளட்ச் இணையும்போது அச்சக்கரத்தின் ஆற்றல் வளைதண்டின் வழியே மேலுறுப்பைக் கீழே தள்ளுகிறது. இரண்டாம் வகையில் எண்ணெயின் அழுத்தம் அவ்வேலையைச் செய்கிறது. இதை ஹைட்ராலிக் பிரஸ் என்பர். மேலே பஞ்ச், கீழே டை. இரண்டிற்கும் நடுவே தகடு.

தகட்டிலிருந்து ஒரு வட்டத்தை வெட்டியெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை மாணவர்கள் எளிதில் கணக்கிடலாம். வெட்டும் விளிம்பின் நீளம், தகட்டின் தடிப்பு, உலோகத்தின் வெட்டு வலிமை ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 314 மில்லிமீட்டர். தகட்டின் தடிப்பு 2 மில்லிமீட்டர். சாதாரண மென் எஃகின் வெட்டு வலிமையைச் சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டன் எனக் கொண்டால், தேவைப்படும் விசை 2,19,800 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 22 டன். அதே தடிப்பில் எவர்சில்வர் தகட்டை வைத்து, வலிமையை 500 நியூட்டன் எனக் கொண்டால், விசை 32 டன்னாகிறது. ஆகவே 25 டன் எந்திரத்தில் மென் எஃகை வெட்டிப் பழகியவர், கணக்கறியாமல் அதே டையில் எவர்சில்வரை வைத்தால் எந்திரம் அளவுக்கு மீறிய சுமையை ஏற்கும். டை உடையலாம், வளைதண்டு பழுதாகலாம், உடைந்த துண்டு தெறித்து ஆளையும் காயப்படுத்தலாம்.

மிதியை அழுத்த மட்டும் தெரிந்தவர் ஒருவர். இக்கணக்கையும் அறிந்தவர் மற்றொருவர். இருவரும் இன்று ஒரே எந்திரத்தின் முன் நிற்கலாம். நாளை அவ்வாறு நிற்கமாட்டார்கள்.

விரல்களின் விலை

நிமிடத்திற்குப் பத்து உறுப்புகள் வீதம், ஓய்வு நேரம் நீங்க ஏழு மணி நேரம் உழைப்பவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய கை ஒரு நாளில் 4,200 முறை டைக்குள் சென்று திரும்புகிறது. 4,199 முறை சரியாகத் திரும்பி, ஒரே ஒரு முறை தாமதித்தால் போதும், விரல்கள் போய்விடும். 'கவனமாக வேலை செய்' என்னும் எச்சரிக்கைப் பலகை இங்குப் பயன் தராது. இத்தனை முறையும் பிசகாத கவனம் மனித இயல்புக்கு அப்பாற்பட்டது. கை அச்சுக்குள் செல்லவே தேவையில்லாதபடி வேலையை அமைப்பதே சரியான வழி.

இதற்கு வழிகள் உண்டு. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் இரு பொத்தான்களை அழுத்தினால்தான் எந்திரம் இயங்கும் என அமைக்கலாம். டையைச் சுற்றித் தடுப்பு வைக்கலாம். ஒளிக்கதிர்த் திரை பொருத்தினால், கை குறுக்கிட்ட உடனே எந்திரம் நிற்கும். ஆயினும் ஒளித் திரையை எங்கே பொருத்துவது என்பதும் கணக்கைச் சார்ந்தது. பாதுகாப்புக் கணக்குகளில் கை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நகர்வதாகக் கொள்வர். எந்திரம் முழுவதும் நிற்கக் கால் நொடி ஆகுமானால், அதற்குள் கை 40 சென்டிமீட்டர் சென்றுவிடும். எனவே திரை அத்தொலைவுக்குக் குறையாமல் தள்ளியிருக்க வேண்டும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. பழைய எந்திரங்கள் பலவற்றில் உள்ள ஊசிக் கிளட்ச் ஒருமுறை இணைந்தால், வளைதண்டு முழுச் சுற்று முடித்தே நிற்கும். இடையில் நிறுத்த இயலாது. அத்தகைய எந்திரத்தில் ஒளித் திரை பொருத்துவது பாதுகாப்புப் போன்ற தோற்றத்தையே தரும், பாதுகாப்பைத் தராது. உராய்வுக் கிளட்ச் உள்ள எந்திரத்தில்தான் அது பயன்படும். பட்டறைகளைப் பார்வையிடும் அலுவலர்கள் திரை உள்ளதா என்று மட்டும் பாராமல், கிளட்ச் எவ்வகை என்பதையும் கேட்க வேண்டும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் எந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு அமைக்க ஆணையிட்டது. போதிய பயிற்சியும் மேற்பார்வையுமின்றி இளவயதினரை ஆபத்தான எந்திரங்களில் அமர்த்துவதைத் தடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. சட்டம் மாறினாலும் எந்திரத்தின் முன் நிற்பவரின் விரல் மாறுவதில்லை. ஹரியானாவிலும் மகாராஷ்டிரத்திலும் மோட்டார் வாகன உறுப்புகள் செய்யும் சிறு பட்டறைகளில் நிகழும் கை நசுங்கல்களில் அழுத்த எந்திரத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்பதை அங்குள்ள தொழிலாளரிடையே நடைபெற்ற ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் முழுவதும் போனால் உழைப்புத் திறனில் 30 விழுக்காடும், சுட்டுவிரல் முழுவதும் போனால் 14 விழுக்காடும், ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 விழுக்காடும் இழப்பெனக் கொண்டது. 2020 ஜனவரியில் அச்சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட 15,000 ரூபாய் மாத ஊதிய வரம்பை வைத்து, இருபது வயது இளைஞரின் ஒரு சுட்டுவிரலுக்குக் கணக்கிட்டால் இழப்பீடு சுமார் 2 லட்சத்து 82 ஆயிரம் ரூபாய் வருகிறது. நாற்பது ஆண்டு உழைப்பு எஞ்சியிருக்கும் ஒருவருக்கு இது எம்மட்டு என்பதை வாசகர்களே எடைபோடலாம்.

வேலை குறையுமா, மாறுமா?

இத்தொழிலின் எதிர்காலம் பற்றி இருவேறு கருத்துகள் வழங்குகின்றன. தானியங்கிக் கைகள் வந்துவிட்டன, இனி ஆபரேட்டருக்கு வேலையில்லை என்பர் சிலர். வாகன உற்பத்தி பெருகுவதால் வேலையும் பெருகும் என்பர் வேறு சிலர். இரண்டிலும் பாதி உண்மையே உள்ளது.

பெரிய ஆலைகளில் தகட்டுச் சுருள் ஒரு முனையில் நுழைந்து, பல நிலைகளைத் தானே கடந்து, மறுமுனையில் முடிந்த உறுப்பாக விழுகிறது. அங்கே தகட்டைக் கையால் வைத்தெடுக்கும் வேலை முற்றிலும் மறைந்துவிட்டது. அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் காரின் பின்னடிப் பகுதியில் சுமார் 70 உறுப்புகளுக்கு மாற்றாக ஓரிரு பெரிய அலுமினிய வார்ப்புகளைப் பயன்படுத்தும் முறையை 2020ஆம் ஆண்டளவில் புகுத்தியது. அவ்வகையில் அழுத்த எந்திர வேலையின் ஒரு பகுதி வார்ப்படத்துக்குச் செல்கிறது. மறுபுறம், மின்வாகனங்களின் மோட்டாரில் நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் தகடுகள் அடுக்கப்படுகின்றன. அவை அழுத்த எந்திரத்தில் மிக நுட்பமாக வெட்டப்பட வேண்டியவை. மின்கலப் பெட்டிகளும் அவ்வாறே.

ஆக, மறைவது தகட்டை வைத்தெடுக்கும் கை. வளர்வது டையைப் பொருத்தும் கை, அளக்கும் கை, பழுது நீக்கும் கை. விளிம்பில் பிசிறு தோன்றினால், பஞ்சுக்கும் டைக்கும் உள்ள இடைவெளி பிழையா, முனை மழுங்கிவிட்டதா என்று கண்டறிபவரை எந்த ஆலையும் எளிதில் இழக்க விரும்பாது.

தீவு கற்ற பாடம்

அந்தமானின் அண்மை வரலாறு இவ்விடத்தில் ஒரு பாடம் புகட்டுகிறது. ஒரு காலத்தில் இத்தீவுகளின் தனியார் தொழில்களில் ஒட்டுப்பலகை ஆலைகள் முதன்மை பெற்றிருந்தன. ஒட்டுப்பலகையும் அழுத்த எந்திரத்திலேயே உருவாகிறது. மரத் தாள்கள் பசை பூசப்பட்டு வெப்பத்துடன் அழுத்தப்படுகின்றன. காடுகளைக் காக்கும் பொருட்டு 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை அடுத்து மரவெட்டு உள்ளூர்த் தேவை அளவுக்குச் சுருங்கியது. மரம் சார்ந்த தொழிலும் ஒடுங்கியது. காடு பிழைத்தது நாட்டிற்கு நன்மையே. ஆனால் ஒரே மூலப்பொருளையும் ஒரே எந்திரத்தையும் மட்டும் அறிந்திருந்த தொழிலாளர் அடுத்த கரையைத் தேட வேண்டியதாயிற்று. அதே காலத்தில் வெல்டிங், பொருத்துவேலை, தகட்டு வேலை அறிந்தோருக்குக் கப்பல்களாலும் படகுகளாலும் தேவை நீடித்தது.

2004 டிசம்பர் 26இன் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் துறைகளையும் படகுகளையும் சேதப்படுத்தியபோது, மறுசீரமைப்புக்கு உலோக வேலையறிந்த கைகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பது மீண்டும் புலப்பட்டது. எஃகும் எந்திரமும் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வர வேண்டிய இடத்தில், பழையதைச் செப்பனிடத் தெரிந்தவரே பெருஞ்செல்வம்.

இளைஞருக்கும் அலுவலருக்கும்

ஃபீனிக்ஸ் பேயில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த ஒரு தமிழ் இளைஞர் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, அம்பத்தூரிலோ ஓசூரிலோ பிரஸ் ஆபரேட்டராகச் சேரக்கூடும். பயிற்சியின்றிச் சேர்ந்தால் முதல் மாதமே ஊதியம் கிடைக்கும். ஆனால் தானியங்கி வரும் நாளில் முதலில் வெளியேறுபவரும் அவரே. எனவே தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டோ ஈராண்டோ செலவிடுவது இழப்பன்று. தீவிலேயே டாலிகஞ்சில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. நாட்டின் பயிற்சித் திட்டத்தில் தகட்டு வேலை, ஃபிட்டர், வெல்டர், டை செய்பவர் ஆகிய பிரிவுகள் உள்ளன. 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் ஆலையிலேயே உதவித்தொகையுடன் பயிலவும் வழியுண்டு. டை, டூல் துறையில் மேலும் உயர விரும்புவோர்க்கு 1968இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட மத்தியக் கருவி வடிவமைப்பு நிலையம் போன்றவை உள்ளன.

வேலையில் சேரும் இளைஞர் மூன்று கேள்விகளைக் கேட்கத் தயங்கலாகாது. எந்திரத்தின் கிளட்ச் எவ்வகை? தடுப்பு வேலை செய்கிறதா? என் பெயர் தொழிலாளர் ஈட்டுறுதியில் பதிவாகியுள்ளதா? இவற்றிற்கு விடை தர மறுக்கும் பட்டறையில் கூடுதல் ஊதியம் கிடைப்பினும் அது மலிவான பேரமன்று.

அலுவலர்களின் பொறுப்பும் சிறிதன்று. வேலைவாய்ப்பு அலுவலகம் காலியிடத்தின் பெயரை மட்டும் கூறாது, அத்தொழில் எத்திசையில் செல்கிறது என்பதையும் கூற வேண்டும். தீவின் பயிற்சித் திட்டங்கள் கப்பல் பழுதுபார்ப்பு, உப்பரிப்பைத் தாங்கும் தகட்டு வேலை, தகடு வளைத்தல் ஆகிய உள்ளூர்த் தேவைகளை முன்வைத்து அமைய வேண்டும். எந்திரப் பாதுகாப்பைத் தனிப் பாடமாகவும், அதன் கணக்குகளைத் தேர்வுக்குரிய பகுதியாகவும் வைத்தல் நலம். அவ்வாறு பயின்றவர் கடல் கடந்து சென்றாலும் மதிப்புடன் செல்வார். தீவிலேயே தங்கினாலும் தேவையுடன் தங்குவார்.

தொழில் வளர்ச்சியை உற்பத்தியான உறுப்புகளின் எண்ணிக்கையால் அளக்கிறோம். மாலையில் பட்டறையை விட்டு வெளிவரும் கைகளில் பத்து விரல்களும் உள்ளனவா, அக்கைகள் காலையில் அறியாத ஒன்றை மாலையில் அறிந்துள்ளனவா என்பதும் வளர்ச்சியின் அளவுகோலேயாகும்.