தில்லை என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. சிதம்பரத்தின் பழைய பெயரான ‘தில்லை’யை அவளுக்கு வைக்க எனக்கும் என் கணவருக்கும் ஆசை. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், குழந்தை பிறந்தது பெங்களூரில். “சிதம்பரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? ஊர்ப் பெயரை வைத்தால் பிள்ளை அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டாமா?” என்கிறார் என் அத்தை. பெரிய மாமனாரோ, “அது விஷ மரத்தின் பெயர், பெண் பிள்ளைக்கு ஆகாது” என்கிறார். இருவர் சொல்வதும் சரியா? சரியில்லை என்றால், இவ்வளவு பழைய பெயர் ஏன் யாருக்குமே இல்லை?

— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: முதலில் குழந்தைக்கு என் வாழ்த்துகள். உங்கள் மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வி அருமையானது. அதைக் கேட்கத் தோன்றியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அதற்குப் போகும் வழியில் அத்தையும் பெரிய மாமனாரும் நிற்கிறார்கள். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

அத்தை நினைப்பதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஒருவர் பெயரில் ஊர் இருந்தால் அது சொந்த ஊர் என்று எடுத்துக்கொள்கிறோம். பெயருக்கு முன்னால் ஒட்டி வரும் ஊருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஊரே பெயராக அமையும்போது பொருந்தாது. வ.உ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1872-இல் அவர் பிறந்தது ஒட்டப்பிடாரத்தில். பெற்றோர் வைத்த பெயர் சிதம்பரம். ராஜா அண்ணாமலைச் செட்டியார் செட்டிநாட்டுக்காரர், பெயரோ திருவண்ணாமலையினுடையது. (அவர் 1929-இல் பல்கலைக்கழகம் கண்டது சிதம்பரத்தில் என்பது நீங்கள் தேர்ந்த பெயருக்குப் பக்கத்தில் வரும் செய்தி.) இன்னும் பின்னால் போனால் சுந்தரர் இருக்கிறார். பிறந்த ஊர் திருநாவலூர், பிள்ளைப் பெயர் நம்பியாரூரர். அதில் இருக்கும் ஆரூர், திருவாரூர்.

இதற்கு இலக்கணத்தில் இடவாகுபெயர் என்று பெயர் உண்டு. இடத்தின் பெயரைச் சொல்லி அங்கே இருப்பவரைக் குறிப்பது அது. ‘ஊரே சிரித்தது’ என்றால் சிரித்தது ஊர்க்காரர்கள்தானே? அப்படியே, பிள்ளையைச் சிதம்பரம் என்று அழைத்தவர்கள் ஊரை அழைக்கவில்லை. அந்த ஊரில் ஆடுகிறவரை அழைத்தார்கள். பழனி, அண்ணாமலை, காசி என்ற பெயர்களெல்லாம் இப்படி ஊரிலிருந்து சாமிக்கும், சாமியிலிருந்து பிள்ளைக்கும் வந்தவை. உங்கள் ஊரிலேயே நெல்லையப்பன் என்ற பெயர் எத்தனை வீடுகளில் இருக்கிறது! அவர்களில் யாருக்கும் பிறந்த ஊரை விசாரித்துப் பெயர் வைக்கவில்லை. ஆகவே பெங்களூரில் பிறந்தவளுக்கும் தில்லை என்ற பெயர் பொருந்தும்.

அத்தை வைணவப் பற்று உள்ளவராக இருந்தால் இதையும் சொல்லிப் பாருங்கள். நடராசர் கோயிலுக்குள்ளேயே இருக்கும் கோவிந்தராசர் சந்நிதிதான் தில்லைத் திருச்சித்திரகூடம். குலசேகராழ்வாரும் திருமங்கையாழ்வாரும் அதைப் பாடியிருக்கிறார்கள். தில்லை இரு தரப்புக்கும் சொந்தம்.

பெரிய மாமனார் சொல்வதில் பாதி உண்மை. ஊருக்கு முன்னால் மரம் இருந்தது. தில்லை என்பது உப்பங்கழி ஓரங்களில் வளரும் ஒரு சதுப்புநில மரம். சிதம்பரம் கோயிலின் தலமரமும் அதுதான், அதாவது கோயிலுக்கே உரியதாகப் போற்றப்படும் மரம். அது காடாக நின்ற இடம் ஆதலால் ஊருக்கு அந்தப் பெயர். இன்று அதைப் பார்க்க விரும்பினால் சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போய், பிச்சாவரத்தில் படகு ஏறுங்கள். முத்துப்பேட்டைக் கழிமுகத்துக்குப் பக்கத்தில், இதே மரத்தின் பெயரைத் தாங்கி, தில்லைவிளாகம் என்ற ஊரும் இருக்கிறது.

மரத்தின் பால் பொல்லாதது என்பதும் உண்மை. கிளையை ஒடித்தால் வெள்ளையாக வடியும். தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வையே சிறிது காலம் போய்விடலாம். தாவரவியலார் வைத்த பெயர் எக்ஸ்கோகேரியா அகல்லோச்சா. அதன் முதற்பாதி, கண்ணைக் குருடாக்குவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆமணக்குக் குடும்பத்து மரம் என்பதால் பால் இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் ‘ஆகாது’ என்ற முடிவுதான் தவறு. நம் முன்னோருக்கு அந்தப் பால் தெரியாததல்ல. தெரிந்தும் மரத்தை ஒதுக்கவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் 99 பூக்களை வரிசைப்படுத்துகிறார். அவற்றில் தில்லையும் ஒன்று. நற்றிணையில் ஒரு நெய்தல் பாட்டில், கொழுத்த மீனைத் தின்ற நீர்நாய்க் குட்டி தில்லைப் புதரில் போய்த் தூங்குகிறது. புறநானூற்றில் இன்னும் நுட்பமான ஓர் இடம் உண்டு. அருவியில் குளித்துக் குளித்து நிறம் மாறிய ஒரு துறவியின் சடைக்குத் தில்லை உவமையாகிறது. தில்லையின் இலை உதிருமுன் செம்பு நிறத்துக்கு மாறும். அதை நேரில் பார்த்தவருக்கு அந்த உவமை உடனே பிடிபடும். அந்தப் புலவர் மரத்தடியில் நின்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நஞ்சு உண்டு என்பதற்காகப் பெயரைத் தள்ளுவது நம் வழக்கமும் இல்லை. செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்கிசின் என்ற கடும் நச்சுப்பொருள் இருக்கிறது. அதுதான் தமிழ்நாட்டின் மாநில மலர். பெண்ணின் விரலுக்குப் புலவர்கள் தேடிப்போன உவமையும் அதுதான். காந்தள் என்று பெண்ணுக்குப் பெயர் வைத்தால் பெரிய மாமனார் மறுப்பாரா?

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. பயத்தால்தான் இந்தப் பெயர் அரிதாயிற்று என்று நினைக்கத் தோன்றும். அப்படியானால் தில்லைநாயகம், தில்லைநாதன், தில்லையம்பலம், தில்லைநாயகி என்ற பெயர்களும் இருக்கக் கூடாது. அவை இருக்கின்றன; யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் மிகவும் பழக்கமானவை. அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கிறது. எல்லாவற்றிலும் தில்லை முன்பாதியாகவே நிற்கிறது. தில்லையின் நாயகம், தில்லையின் நாதன் என்று பின்னால் ஒரு சொல்லை எதிர்பார்த்தே அது வழங்கியது. பெயர்கள் நீளமாக இருந்த காலத்தில் அதற்கு இடம் இருந்தது. பெயர்கள் சுருங்கத் தொடங்கியபோது நாதனும் நாயகமும் தனியே நின்றன. தனியே நின்று பழகாத தில்லை, வீட்டில் கூப்பிடும் பெயராக மட்டும் தங்கியது.

இன்னொரு காரணம் இதைவிட வலியது என்பது என் கருத்து. ஊர்ப் பெயர் பிள்ளைப் பெயராக, அந்த ஊரின் பெயர் அன்றாடப் பேச்சில் புழங்க வேண்டும். ‘பழனிக்குப் போய்வந்த பிறகு பிறந்தவன்’ என்றுதானே பழனி என்று வைத்தார்கள்? சிதம்பரத்துக்குப் போனவர்கள் சிதம்பரத்துக்கே டிக்கெட் வாங்கினார்கள். ரயில் நிலையம், தாலுகா, தொகுதி எல்லாம் சிதம்பரம். ஒரே ஊருக்குத் தில்லை, புலியூர், சிதம்பரம் என்று பெயர்கள் பல இருந்தும், உலக வழக்கில் வென்றது கடைசிப் பெயர்தான். தில்லை தேவாரத்திலும் திருவாசகத்திலும் ஓதுவார் குரலிலும் இருந்தது; பேருந்துப் பலகையில் இல்லை. வேண்டிக்கொண்டு போனவர்கள் ஊரின் புழக்கப் பெயரையே பிள்ளைக்குக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் சிதம்பரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, தில்லை என்று மட்டும் பெயர் உள்ளவரைத் தேட வேண்டியிருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து யாராவது கேட்பார்கள்: இது ஆண் பெயரா, பெண் பெயரா? ‘ஐ’யில் முடிவதால் பெண் பெயர் என்று இன்றைய காதுக்குத் தோன்றும், கோதை, மங்கை, முல்லை எல்லாம் அந்த வரிசை. ஆனால் அண்ணாமலையும் ஏழுமலையும் துரையும் ‘ஐ’யில்தான் முடிகின்றன. மரத்தைக் கேட்டாலும் இரண்டும் சரி என்றே சொல்லும். தில்லை ஈரில்லத் தாவரம். அதாவது பனையைப் போல ஆண் பூ ஒரு மரத்திலும் பெண் பூ வேறொரு மரத்திலும் பூக்கும்.

தென்னாப்பிரிக்க அறப்போராளி தில்லையாடி வள்ளியம்மையின் ஊர் இந்தத் தில்லைதானே என்றும் சிலர் கேட்பார்கள். இல்லை, தில்லையாடி தரங்கம்பாடிக்கு அருகில் உள்ள வேறு ஊர். வள்ளியம்மையின் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஊர் வெறும் அடைமொழி, குடும்பத்து வேரைக் காட்டுவது. அந்தப் பெண் 1898-இல் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில்.

என் யோசனையைக் கேட்டால், தயங்காமல் வையுங்கள். வைகை, பொதிகை என்று ஆறும் மலையும் சின்னப் பெயர்களாகிவரும் காலம் இது. தனியே நிற்கத் தில்லைக்கு இப்போதுதான் நேரம் வாய்த்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்தான ‘டி’க்குப் பிறகு ‘எச்’ சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெங்களூர்ப் பள்ளியில் ‘டில்லை’ ஆகிவிடும். நடுவில் இரண்டு ‘எல்’ போடுவதையும் விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் பேச்சு இன்னும் முடியவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். பிறப்பைப் பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். பதிவு செய்ததிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அதன் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. ஆனால் ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது எளிதல்ல. அதனால் அத்தையும் பெரிய மாமனாரும் மனம் ஒப்பிய பிறகே பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.