இ.சி.ஜி. நார்மல், ஆனாலும் படபடப்பு

எனக்குப் பதற்றம் முதலில் வந்து உட்கார்ந்த இடம் வயிறு. ஆபீஸ் கிளம்பும் நேரம் பார்த்து ஒரு கலக்கல். செருப்பை மாட்டிய பிறகும் கழற்றிவிட்டுக் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். வாய்வு என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டோம். ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர், பன்னீர் சோடா எல்லாம் ஆயிற்று. "ஞாயித்துக்கிழமை மட்டும் வயிறு எப்படிங்க ஒழுங்கா இருக்கு?" என்று மனைவி கேட்டாள். டாக்டர்கள் யாரும் கேட்காத கேள்வி அது. தொந்தரவு என்ன என்பதோடு, எந்தக் கிழமை, எந்த வேளை, எதற்கு முன்னால் வருகிறது என்றும் கவனியுங்கள்.

பிறகு ஒரு ராத்திரி நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இ.சி.ஜி. நார்மல். "ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாமல் விரல் ஏன் மரக்கும்? விளக்கம் பின்னால்தான் கிடைத்தது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. மரமரப்பும் தலைசுற்றலும் அதனால்தான். இந்த மாதிரித் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தணியும். இது தெரிந்ததே எனக்குப் பாதி மருந்து. அதற்காக நெஞ்சுவலியை நீங்களே பதற்றம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது; முதலில் இதயத்தைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

உடம்புக் குறிகளை எப்படியும் யாராவது கவனித்துவிடுவார்கள். நடத்தையில் வருவதுதான் கண்ணுக்குத் தப்பும். எனக்கு எரிச்சல் கூடியது. காம்பஸ் பாக்ஸ் காணோம் என்றதற்கு மகளிடம் கத்தினேன். அவள் டியூஷன் போய்ச் சேர்ந்துவிட்டாளா என்று திரும்பத் திரும்பப் போன் செய்தேன். கல்யாண வீட்டில் வாசலோர நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். தெரியாத நம்பர் வந்தால் எடுப்பதில்லை. மீட்டிங்குக்கு வேறு ஆளை அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் நியாயமான காரணம் இருந்தது. (ஆண்களிடம் பதற்றம் கோபமாக வந்தால் 'அவர் சுபாவமே அப்படி' என்று வீடே பழகிக்கொள்ளும்.) என்னைக் கேட்டால் படபடப்பைவிட இந்த ஒதுங்கலைத்தான் பெரிய அறிகுறி என்பேன். ஒதுங்கிய மறுகணம் நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிக்காகவே அடுத்த முறையும் ஒதுங்கத் தோன்றுகிறது.

பரீட்சைக்கு முன்னால், ஆப்பரேஷனுக்கு முன்னால் எல்லோருக்கும் பயம் வரும். காரியம் முடிந்ததும் போய்விட்டால் கவலையில்லை. ஒரு கவலை தீர்ந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்து, தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் ஆலோசனை தேவை. என் குடும்ப டாக்டர் ஜி.ஏ.டி.-7 என்ற கேள்வித்தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 10-ஐத் தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அது சல்லடைதான், தீர்ப்பு அல்ல. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

டாக்டரிடம் போகும்போது 'டென்ஷனா இருக்கு சார்' என்று முடித்துக்கொள்ளாதீர்கள். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை காபி, எந்தெந்த இடத்துக்குப் போவதை விட்டுவிட்டீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். கூட இருப்பவர் கவனித்ததையும் அதில் சேருங்கள். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கலாம். தேவலை என்று தோன்றியதும் நீங்களாக நிறுத்தாமல், அவரிடம் கேட்டுக் குறையுங்கள்.