மூச்சுக்கும் காமாவுக்கும் என்ன சம்பந்தம்?

‘மூச்சு விடுகிற இடத்தில் காமா போடு.’ ஆங்கிலம் எழுதப் பழகும் குழந்தைகளுக்கு நம் ஊரில் இதைத்தான் முதல் விதியாகச் சொல்லிக்கொடுக்கிறோம். டியூஷனில் சொல்கிறார்கள், வீட்டில் சொல்கிறார்கள், பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையிலும் அச்சடிக்கிறார்கள். காமாவுக்கு ஒன்று எண்ணு, செமிகோலனுக்கு இரண்டு எண்ணு, ஃபுல் ஸ்டாப்புக்கு நான்கு எண்ணு என்று விரல் மடக்க வைப்பவர்களும் உண்டு. இதைப் பாதி உண்மை என்று மழுப்பிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வாசிக்கிறவருக்கு வேண்டுமானால் இதில் கொஞ்சம் பயன் இருக்கலாம். எழுதுகிற குழந்தைக்கு இது முழுத் தவறு, கெடுதலும்கூட.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழவில்லை. ஏறத்தாழ கி.மு. 200-இல் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த அரிஸ்டோஃபனிஸ், கிரேக்கச் சுவடிகளில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரங்களில் புள்ளி வைக்கும் முறையை வகுத்தார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளிகூட இல்லாத சுவடி. அதை உரக்கப் படிப்பவர் எங்கே எவ்வளவு நிறுத்துவது என்று காட்டவே அந்தப் புள்ளிகள். அன்றைக்கு அது நியாயம். அச்சு வந்தபின் நிலைமை மாறியது. 1490-களில் வெனிஸ் நகரில் செமிகோலனை அச்சுக்குக் கொண்டுவந்த ஆல்டஸ் மனூட்டியஸின் பேரன், 1566-இலேயே இந்தக் குறிகளின் முதல் வேலை வாக்கிய அமைப்பைத் தெளிவாக்குவது என்று எழுதிவிட்டார். ஆனாலும் 1795-இல் லிண்ட்லி மரே எழுதிய ஆங்கில இலக்கண நூல் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டது: காமாவுக்கு மிகக் குறைந்த நிறுத்தம், செமிகோலனுக்கு அதைப்போல் இரு மடங்கு, கோலனுக்கு அதிலும் இரு மடங்கு, ஃபுல் ஸ்டாப்புக்கு இன்னும் இரு மடங்கு. யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக எழுதப்பட்ட அந்தப் புத்தகம் உலகெங்கும் விற்றது. இருநூறு ஆண்டு கடந்தும் நாம் மடக்கிக்கொண்டிருப்பது மரேயின் விரல்களைத்தான்.

விதி சரியா என்று பார்க்க ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. ‘தி பாய் இன் தி ரெட் ஷர்ட் இஸ் மை பிரதர்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஷர்ட்’டுக்குப் பின் குரல் இயல்பாக ஒரு கணம் தங்கும். அங்கே காமா போட்டால் பிழை. எழுவாயையும் அதன் வினையையும் ஒற்றைக் காமாவால் வெட்டுவதை இன்றைய ஆங்கிலம் ஏற்பதில்லை. இப்போது ‘யெஸ், சார்’ சொல்லுங்கள். ஒரே வீச்சில் வந்துவிடும், மூச்சுக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் காமா கட்டாயம். நிற்கிற இடத்தில் காமா இல்லை, நிற்காத இடத்தில் இருக்கிறது என்றால் அந்த விதியை வைத்துக்கொண்டு குழந்தை என்ன செய்யும்? காமாவைக் கண்டால் சற்று நிறுத்திப் படி என்பது ஒன்று. நிறுத்தினால் காமா போடு என்பது வேறொன்று. முன்னதைச் சொல்லிவிட்டுப் பின்னதையும் சொல்லிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஆறு வயதுக் குழந்தைக்கு எழுவாய், பயனிலை எல்லாம் புரியுமா, மூச்சுதானே எளிது என்று கேட்பார்கள். எளிதுதான், ஆனால் யாருடைய மூச்சு? உற்சாகத்தில் கதை சொல்லும் குழந்தை நான்கு வாக்கியங்களை ஒரே மூச்சில் கொட்டும்; அந்தக் குழந்தைக்குப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு ஃபுல் ஸ்டாப் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை சொல்லுக்குச் சொல் நிற்கும். அதற்குச் சொல்லுக்கொரு காமா வேண்டும். கொஞ்சம் வலுவான மறுப்பு மொழியியலிலிருந்தே வருகிறது. நல்ல எழுத்தாளர்கள் மனத்துக்குள் ஒரு குரலைக் கேட்டபடி எழுதுகிறார்கள், குறிகள் அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பதிகின்றன என்று வாலஸ் சேஃப் 1988-இல் வாதிட்டார். மறுக்கவில்லை. அந்தக் குரல் பல நூறு பக்கம் படித்தபின் உள்ளே குடியேறுவது. வீட்டில் ஆங்கிலமே காதில் விழாத குழந்தையிடம் போய் ‘உனக்கே தெரியும், கேட்டுப் பார்’ என்பது, இல்லாத காசை எண்ணச் சொல்வதுதான்.

நம் பிள்ளைகளின் பிழைகள் வேறிடத்தில் பிறக்கின்றன. தமிழில் ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பள்ளிக்குப் போனேன்’ என்று வினையெச்சங்களை அடுக்கிக் காற்புள்ளி போடலாம். கடைசியில் ஒரே ஒரு முற்று வினை எல்லாவற்றையும் கட்டிவிடும். அதே அச்சில் பிள்ளை ‘ஐ காட் அப், ஐ ஏட், ஐ வென்ட் டு ஸ்கூல்’ என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் இவை மூன்றும் தனித்தனி வாக்கியங்கள்; காமாவால் இப்படிக் கோக்கலாகாது. எழுவாய்க்குப் பின் காற்புள்ளி போடும் வழக்கமும் நம் நாளிதழ்களில் உண்டு, அதுவும் அப்படியே ஆங்கில நோட்டில் வந்து உட்காருகிறது. தமிழில் ‘வந்தானா’ என்றாலே கேள்வி முடிந்தது. ‘என்று’ வந்தாலே பிறர் பேச்சு முடிந்தது. குறி இல்லாவிட்டாலும் பொருள் நிற்கும். ஆகவே குறி ஓர் அலங்காரம் என்று நம் குழந்தை நினைப்பது மடத்தனமல்ல, தாய்மொழி கற்றுக்கொடுத்த நியாயம். மூச்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதில் ஒன்றையாவது கவனித்திருக்கிறார்களா?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. ஃபுல் ஸ்டாப்பை வரிக் கடைசியில் வைக்கும் குழந்தை கவனக்குறைவானது என்கிறார்கள். இல்லை; மான்செஸ்டரில் நைஜல் ஹால் 1990-களில் குழந்தைகளைக் கவனித்து எழுதியதைப் படித்தால், புள்ளியைப் பக்கத்தின் அமைப்போடு சேர்த்துப் பார்ப்பது கற்றலில் ஒரு படி என்று தெரியும். வரிக்கொரு வாக்கியமாக அச்சிட்ட பாலபாடத்தைக் கொடுத்தது நாம்தானே. கைப்பேசி குறிகளைக் கொன்றுவிட்டது என்பதும் புலம்பல்தான்: குறுஞ்செய்திப் பதிலின் முடிவில் முற்றுப்புள்ளி இருந்தால் கல்லூரி மாணவர்கள் அதில் நேர்மை குறைவாக இருப்பதாக உணர்ந்ததை அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வு 2015-இல் காட்டியது. புள்ளியை இவ்வளவு கூர்ந்து பார்க்கிற தலைமுறை வேறில்லை. ‘அண்ட்’டுக்கு முன் காமா வரவே கூடாது என்பதும் பொய், ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகமே பட்டியலில் அதைப் போடுகிறது. எல்லாக் குறிகளையும் ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்பது பேராசை. ஆங்கிலமே தாய்மொழியான இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு 2014 பாடத்திட்டம் முதல் வகுப்பில் ஃபுல் ஸ்டாப்பைத் தொடங்கி, இரண்டில் பட்டியல் காமா, மூன்றில் மேற்கோள்குறி என்று போய், செமிகோலனை ஆறாம் வகுப்புக்கு வைத்திருக்கிறது. நாம் எட்டுக் குறிகளையும் ஒரே அட்டவணையில் தொங்கவிட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

பின் எப்படித்தான் கற்பிப்பது? காமாவைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ‘தி டாக் பார்க்ட். தி கேட் ரேன்.’ இரண்டு சின்ன வாக்கியம் போதும். யார், என்ன செய்தது என்று கேட்டு, பதில் முழுதாக வந்த இடத்தில் புள்ளி. பிறகு அந்த இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். ‘அண்ட்’ போடுமா, ‘வென்’ போடுமா, எங்கே காமா தேவைப்படுகிறது என்பது அந்த வேலையிலேயே தெரியவரும். இலக்கணப் பாடத்தால் எழுத்து மேம்படுகிறதா என்று 2004-இல் யார்க் பல்கலைக்கழகக் குழு முந்தைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, முறையான இலக்கணப் போதனைக்கு ஆதரவாகச் சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. வாக்கியங்களை இணைத்து எழுதும் பயிற்சிக்குத்தான் கிடைத்தது.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது. எழுவாயும் பயனிலையும் குழந்தைக்கு முதலில் புரிய வேண்டியது தமிழ் வகுப்பில். ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிறுத்தற்குறிகளைத் தமிழ் உரைநடையில் ஊன்றி வைத்துவிட்டார். ஆனால் இன்றும் தமிழ் வகுப்பில் காற்புள்ளிக்கு மாத்திரைக் கணக்குதான் சொல்லப்படுகிறது. இந்த வகுப்பில் மாத்திரை, அந்த வகுப்பில் மூச்சு. ஒரே பள்ளியில், அடுத்தடுத்த பீரியடில், ஒரே குழந்தைக்கு வாக்கியம் எங்கே முடிகிறது என்று கற்றுக்கொடுக்கும் இரண்டு ஆசிரியர்கள் இதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதே இல்லை. தலைமை ஆசிரியர்களே, அடுத்த பாடவேளை அட்டவணை போடும்போது வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது அந்த இருவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். அதற்கு முன் சுவரில் தொங்கும் அந்த ஒன்று, இரண்டு, நான்கு அட்டையைக் கழற்றிவிடுங்கள்.